சரவெடிக்கு வந்த நல்ல பேர்

சரவெடி என்ற பட்டப்பெயரை அவளுக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஆய்வக எலும்புக்கூட்டுக்குச் சீருடை மாட்டி கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, அதற்கு வருகைப் பதிவும் வாங்கிக் கொடுத்தவள் அவள். அப்படிப்பட்டவளைத்தான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். வழியனுப்ப வந்த ஆசிரியர்கள் கண் கலங்கினார்கள். அது எந்த வகைக் கண்ணீர் என்று மட்டும் இன்றுவரை தெளிவாகவில்லை.

போன இடத்தில் வெடி நமுத்துப் போனது. அந்த ஊர்ப் பாஷை தெரியாமலில்லை. சோறு கேட்க, வழி கேட்க, மன்னிப்புக் கேட்கத் தாராளமாகத் தெரியும். குறும்பு பேசுவதற்குத்தான் வாய் வரவில்லை. மனதில் ஒரு ஜோக்கைக் கட்டி, வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தேடி முடிப்பதற்குள் சிரிக்க வேண்டியவர்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போயிருப்பார்கள். ஆகவே பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கும்போது கை சும்மா இருக்குமா? பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள்.

அவள் தங்கியிருந்த வீட்டின் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழக வருகிறவர்கள் நடைபாதையில் ஏற்றினாலும், தூணில் உரசினாலும், "பரவாயில்லை, மறுபடி முயற்சி செய்யலாம்" என்று சொல்லிச் சொல்லியே கோபத்தைத் தொலைத்துவிட்ட மனுஷி. அவருக்கு சரவெடி வயதில் ஒரு மகள். எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அந்தப் பெண்ணுக்கு சரவெடி மனதுக்குள் வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரவெடி ஊரோடு பேசிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பில் அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் சரவெடியின் அம்மா.

"நான் ரொம்ப அமைதியாம். இவ்வளவு அடக்கமான பொண்ணை அவங்க பார்த்ததே இல்லையாம்."

வேறு அம்மாவாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்திருப்பாள். இந்த அம்மா குழந்தைகள் வார்டில் நர்ஸ். முகம் வெளிறிவிட்டது.

"நாக்கை நீட்டு பார்ப்போம்."

"அம்மா!"

"நீட்டுன்னா நீட்டுடி. கத்துற குழந்தைகிட்ட நான் நடந்துதான் போவேன். கத்திக்கிட்டிருந்தது கப்புன்னு நின்னாத்தான் ஓடுவேன். உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. திருந்திட்டேன்."

"நீ? இத பாரு, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த வீட்டுலருந்து உன்மேல ஒரு புகாராவது வரணும். வரலேன்னா உன்னை அனுப்பி வச்ச ஆபீசுக்கு நானே போன் பண்ணி உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கறேன்."

பெட்டியோடு பாதியில் போய் இறங்கினால் ஊரே சிரிக்கும். அவள் ஊரைப் பார்த்துச் சிரித்துப் பழகியவள், இது சரிப்படாது. உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் வராத கஷ்டம் அவளுக்கு வந்தது. கெட்ட பெயர் வாங்கியே ஆக வேண்டும்.

சர்க்கரை ஜாடியில் உப்பைக் கொட்டினாள். காபியை ஒரு வாய் குடித்த அந்த அம்மா, "இரண்டும் ஒரே மாதிரி ஜாடி. வாங்கினது என் தப்புதான்" என்று இவளிடமே வருத்தம் தெரிவித்தார். அவருடைய கோட்டின் கைகளை ஊசிநூலால் தைத்து மூடினாள். "சலவைக்கடையில் பாவம், புது ஆள் போலிருக்கிறது" என்று பிரித்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்த வீட்டில் கொலையே செய்தாலும் மன்னித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள் போலிருந்தது.

சனிக்கிழமை காலை, கடைசி முயற்சியாகக் குளியலறைக் குழாயின் வாயில் பாதிக்கு டேப் ஒட்டி வைத்தாள். மாட்டியது சிடுமூஞ்சி. தலையிலிருந்து கால்வரை நனைந்து வெளியே வந்து, சரவெடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குப் போனாள்.

'போச்சு, இதுவும் நமுத்துடுச்சு' என்று சற்று நேரம் கழித்துச் சரவெடி கடைக்குக் கிளம்ப ஷூவுக்குள் காலை விட்டாள். கணுக்கால் வரை ஷேவிங் நுரை.

"அடிப்பாவி!" என்று அலறினாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாயிலிருந்து தமிழ் முழுச் சத்தத்தோடு வந்தது. கதவிடுக்கில் சிடுமூஞ்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வினைச்சொல்லைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இவள் கைக்கு மாவுப் பொட்டலம் கிடைத்தது. அவளுக்கு ஷாம்பூ கிடைத்தது.

அந்த அம்மா வேலை முடிந்து கதவைத் திறந்தபோது ஹாலில் இரண்டு வெள்ளைப் பிசாசுகள் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. அலமாரிக் கதவு ஒன்று கழன்று தொங்கியது. தூணில் காரை இடித்தபோதெல்லாம் வராத குரல் அன்று வந்தது.

திட்டி முடிக்கும்வரை தலைகுனிந்து நின்ற சரவெடி, பிறகு போனை எடுத்து பயபக்தியோடு நீட்டினாள். "இதை அப்படியே எங்க அம்மாகிட்டயும் சொல்லுங்க."

தன்மேல் வந்த குற்றச்சாட்டை ஒரு சொல் விடாமல் அவளே மொழிபெயர்த்தாள். "ஹாலெல்லாம் மாவும்மா. அலமாரியை உடைச்சுட்டேனாம். அறிவே இல்லையாம்."

"ம், இன்னும் சொல்லச் சொல்லு." அம்மா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றினாள். "நல்லா திட்டறாங்களே, மகராசி."

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் கார் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தித் தன் பாஷையில் சொன்னார். 'என் மகள் இந்த வீட்டில் சிரித்து வருஷக்கணக்காகிறது. இவளைத் திட்டத்தான் செய்வேன், அனுப்ப மாட்டேன்.' கண்ணிமையெல்லாம் மாவோடு நின்ற சிடுமூஞ்சி தரையைப் பார்த்தாள்.

"கடைசியா மெதுவா என்னமோ சொன்னாங்களே, என்னடி அது?"

சரவெடி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். மாவாகத்தான் இருக்கும்.

"ஹாலைத் துடைக்கச் சொன்னாங்க."

"போய்த் துடை. ரொம்பப் பளிச்சுன்னு துடைச்சு வச்சிடாதே. மறுபடியும் நல்ல பேரு வந்துடப் போகுது."