வெள்ளிக்கு முந்திய துஆ

மடவளை பளீல் ஹாஜியாரின் பேரீச்சம்பழக் கிட்டங்கியில் கைரியா இருபத்தாறு வருடங்களாகக் கப்பல் கடதாசிகளைப் பார்த்து வருகிறார். 2023 மார்ச் 13, திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, நோன்புக்கான பழம் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது. பெட்டிகள் வெளியே காய்ந்துதான் இருந்தன. ஆனால் கைரியாவுக்கு உப்பு வாடை அடித்தது.

"ஒண்டத் தொறந்து பாப்பமா, ஹாஜியார்?"

"வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுகைக்குப் பொறகு மௌலவி வந்து துஆ ஓதட்டும். அதுக்கு முந்தித் தொறந்த வழக்கம் இல்லியே."

வெளியே தெரியாத சேதத்தை, சரக்கு கைக்கு வந்து மூன்று நாளுக்குள் கப்பல்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால், சரக்கு நல்லபடியாகச் சேர்ந்தது என்றே கடல்வழிச் சரக்குச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது வாங்கியவர் பாடு. தவணை வியாழனோடு முடியும்; வெள்ளி நான்காம் நாள்.

"கப்பல்காரன் ஜும்ஆ வரைக்கும் நிக்க மாட்டான்," என்றார் கைரியா. ஹாஜியார் கிட்டங்கியைப் பூட்டச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கைரியா மௌலவியிடமே போய் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்தார்.

"துஆவுக்கு நாள் பாக்கத் தேவல்ல, தங்கச்சி. நாளைக்கே வாறன்."

"அத நீங்களே ஹாஜியாருக்குச் சொல்லுங்க. நான் சொன்னா காதுல ஏறாது."

புதன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் துஆ ஓதிப் பெட்டிகளைத் திறந்தார்கள். அடிவரிசையில் நாற்பத்தொரு பெட்டிகளுக்குள் கடல்நீர் இறங்கியிருந்தது. ஐந்து இருபதுக்குப் படங்களும் கடிதமும் கப்பல் முகவருக்குப் போயின.

"வெள்ளிக்கிழம தொறந்திருந்தா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"நல்ல பழந்தான் தந்தமெண்டு கப்பல்காரன் சொல்லியிருப்பான்."

கைரியா கோப்பின் முதல் பக்கத்தில், கப்பல் முகவரின் இலக்கத்துக்குக் கீழே, மௌலவியின் இலக்கத்தையும் எழுதி வைத்தார்.