நோ பெயின் மெம்பர்

என் அம்மாவுக்குத் தங்கைகள் மூன்று பேர். நடுச் சித்திக்கு ஐந்தும் பெண்கள். அதில் நாலாவது பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னைவிடப் பதினோரு வயது இளையவள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்ததால் தெருவுக்கே அவள் ஆயாம்மா. போன வருஷம் இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது: நோ பெயின் மெம்பர். கேலிக்கு வைத்த பெயர்தான். அதை அவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

நான் மூன்றாவதோடு நின்றவள். அவள் ஐந்தாவது வரை போனாள்; எங்கள் குடும்பத்தில் அது பெரிய படிப்பு. ஆனால் இங்கிலீஷ் வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து இல்லை. காலை ஏழு மணிக்கு, இராத்திரி நர்ஸ் பகல் நர்ஸிடம் வார்டை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று, எந்த பெட், என்ன வயது, என்ன வியாதி, என்ன கொடுத்தாயிற்று, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நர்ஸுகள் ஊருக்கு ஒருத்தியாக வந்தவர்கள், அதனால் எல்லாம் இங்கிலீஷில்தான். முடிந்ததும் வந்தவள் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். போடாதவரை போகிறவள் வாசல் தாண்ட முடியாது. என் தங்கச்சி வாளியோடு பின்னாலேயே நடந்து இதையெல்லாம் காதில் வாங்கினாள்.

அந்தக் கட்டில்களில் பாதிக்குமேல் எங்கள் தெருப் பிள்ளைகள். எங்கள் குடிதண்ணீர்க் குழாய் அப்போது சாக்கடைக்குள்ளேயே படுத்திருந்தது. துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, உள்ளே போகக்கூடாதது எல்லாம் போயிற்று. எத்தனை மனு கொடுத்தும் அசையவில்லை. வேலையில் ஓய்வு வாங்கிய கையோடு அவள் நகரசபைத் தேர்தலில் நின்றாள். அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தாள்.

"ஒரு வார்டுலேருந்து இன்னொரு வார்டுக்கு மாத்திட்டாங்க அக்கா, அவ்வளவுதான்" என்று என்னிடம் சிரித்தாள்.

குழாய் மாற்றப் பணம் கொடுக்க வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. பத்துத் தெருவுக்குத்தான் புதுக்குழாய், எந்தப் பத்து என்று முடிவு செய்வது அவர்கள். அவர்களுக்கு நம் பேச்சு தெரியாது. குழுவின் தலைவி நரைத்த தலையும் முழுக்கைச் சட்டையுமாக ஒரு அம்மாள். வரவேற்க மைக்கை இவளிடம் கொடுத்தார்கள். இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ், கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குச் சொல்கிற இங்கிலீஷ். அதையே சொன்னாள்.

"கம் மேடம். சிட் மேடம். நோ ஃபியர். நோ பெயின். ஃபைவ் மினிட்ஸ் ஒன்லி."

சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள போனிலெல்லாம் அவள்தான். பஸ்ஸில் ஏறினால், "ஆயாம்மா, டிக்கெட் வாங்கினா வலிக்குமா?" என்று கண்டக்டர் கேட்கிறான். மருமகன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அத்தை, ஆபீஸ்ல தலைகாட்ட முடியல. தெரியாததை ஏன் பேசறீங்க?"

"உங்க தலை என்ன பண்ணுச்சு மாப்பிள்ளை? பேசினது என் வாய்தானே."

நகரசபைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் இங்கிலீஷ் பிசகாது. அரை மணி நேரம் தாளைப் பார்த்துப் படிப்பார், படித்து முடித்ததும் என்ன படித்தார் என்று அவருக்கே தெரியாது. நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"வர்ற வியாழக்கிழமை கடைசிக் கூட்டம்மா. நீங்க வாயைத் திறக்க வேண்டாம். மானம் போகுது."

"எங்க தெரு லிஸ்ட்ல எத்தனையாவது சார்?"

"பதினாலு."

"அப்ப வாயைத் திறக்கத்தான் வேணும்."

குமாஸ்தா நல்லவர். இங்கிலீஷ் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார். "வேண்டாம் தம்பி, அது உங்க பேச்சு. நான் படிச்சா கிளி மாதிரி இருக்கும்" என்றாள். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாலு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். என்ன எழுதினாள் என்று எனக்குக்கூடக் காட்டவில்லை.

வியாழக்கிழமை அவள் எழுந்ததுமே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. நாலைந்து போன் உயர்ந்தது. இவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"படம் புடிக்கிறவங்க புடிச்சுக்கங்க. என் மூஞ்சி நல்லா விழட்டும். இன்னைக்கும் தப்பாத்தான் பேசப்போறேன்."

தலைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவள் நோட்டைப் பிரித்தாள். கட்டிலின் கால்மாட்டில் நிற்கிற மாதிரியே முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஹவுஸ் நம்பர் ஒன். பேபி த்ரீ இயர்ஸ். லூஸ் மோஷன், ஃபோர் டைம் அட்மிட். வாட்டர் பாயில் பண்ணி கிவிங். ஹவுஸ் நம்பர் டூ. பாய் சிக்ஸ். ஜான்டிஸ். நோ ஸ்கூல் டூ மந்த்ஸ். ஹவுஸ் நம்பர் த்ரீ..."

பின்னால் ஒருவன் "நோ பெயின்!" என்று கத்தினான். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். குழுத் தலைவி பேனாவை எடுத்தாள், எழுத ஆரம்பித்தாள்.

"உட்காருங்கம்மா, போதும்" என்றார் தலைவர்.

"ஷிஃப்ட் முடியல சார்."

எட்டு முடிந்து பத்துக்குப் போனாள். குழுத் தலைவி கையை உயர்த்தினாள். "ஹவுஸ் நம்பர் நைன்?" என்று கேட்டாள்.

ஒன்பதாம் நம்பர் எங்கள் கடைசித் தங்கச்சி வீடு, சித்தியின் ஐந்தாவது பெண். அவள் பேத்திக்கு ஒன்றரை வயது. நான் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"நைன்... நோ பேபி, மேடம். பேபி டெட். லாஸ்ட் மந்த். மை ஹேண்ட்."

இவள் கையில் கிடந்துதான் அந்த உயிர் போனது. உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் முப்பத்தேழாம் வீடு வரை சொல்லி முடித்தாள். பிறகு மேடைப் படி இறங்கி, குழுத் தலைவியின் முன்னால் நோட்டை வைத்து, பேனாவை நீட்டினாள்.

"ஹேண்ட் ஓவர் ஃபினிஷ், மேடம். நவ் யுவர் டியூட்டி. சைன்."

தலைவர் பாய்ந்து வந்தார். "இதெல்லாம் செல்லாதும்மா! விருந்தாளிகிட்ட இப்படியா நடந்துக்கறது?"

"செல்லுதோ செல்லலையோ, கையெழுத்து விழாம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

சொன்னபடி நின்றாள். அந்த அம்மாள் நோட்டை ஆரம்பத்திலிருந்து புரட்டினாள். ஒன்பது என்று எண் போட்ட பக்கத்தில் விரலை வைத்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து, தேதி போட்டு, முழுப்பெயர் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு யாரிடமும் கேட்காமல் எழுந்து, "ஷோ மீ" என்று இவளோடு தெருவுக்கே நடந்து வந்தாள். சாக்கடைக்குள் கிடந்த குழாயைக் குனிந்து பார்த்தாள். எங்கள் தெரு பதினாலிலிருந்து ஒன்றுக்கு வந்தது.

கேலி நின்றதா என்றால் இல்லை. கண்டக்டர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான். "ஆமாடா, அவதான்" என்று பதில் சொல்லிவிட்டு ஏறிக்கொள்கிறாள்.

ஏழு மாதம் கழித்துப் புதுக்குழாய் திறக்க அந்த அம்மாள் மறுபடி வந்தாள். தலைவர் தாளை எடுத்து அரை மணி நேரம் படித்தார். வெயிலில் எல்லோரும் நெளிந்தோம். முடிந்ததும் இவள் மைக் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் வாங்கி வந்து, குழாயைத் திருகி நிரப்பி, அந்த அம்மாளின் கையில் கொடுத்தாள். அம்மாள் டம்ளரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"ட்ரிங்க் மேடம்" என்றாள் என் தங்கச்சி, தெருவுக்கே கேட்கிற குரலில். "நோ ஃபியர். நோ பெயின்."