கரகத்தோடு லோரி ஏறிய பிள்ளைகள்

ரிங்லெட் என்ற சிறு மலை நகரிலிருந்து பிரிந்து மேலே போகும் தோட்டச் சாலையின் கடைசியில் எங்கள் தமிழ்ப்பள்ளி இருந்தது. பதினொரு ஆண்டுகள் அங்கே தலைமையாசிரியையாக இருந்தேன். அந்தச் சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குப் பின்னால் இருந்த மலை சரியப்போகிறது என்று தெரிந்தும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளை அங்கிருந்து கொண்டுபோக வழியில்லாமல் நின்றேன். அன்று மாரியம்மன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

மூன்று நாள் விடாத மழை. காலையில் பள்ளிக் கால்வாயில் செம்மண் குழம்பாக ஓடியது. மனசு கேட்காமல் குடையோடு சரிவில் ஏறிப் பார்த்தேன். இரண்டு தேயிலை நிரைகளுக்கு நடுவே, கால் நுழையும் அளவுக்குத் தரை பிளந்து கிடந்தது. இறங்கி ஓடிவந்து தோட்ட ஆபீஸுக்குப் போன் போட்டேன். அங்கே கணக்கெழுதும் கிராணி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "டீச்சர், எல்லாரையும் ரிங்லெட்டுக்கு எறக்குங்க. காய்கறி லோரி ஒண்ணு இங்க நிக்குது, அனுப்புறேன்."

ஆபத்து வந்தால் திடலில் கூட வேண்டும் என்று பள்ளிச் சுவரில் தாள் ஒட்டியிருந்தது. திடலோ அந்தச் சரிவுக்கு நேர் கீழே. எத்தனை முறை அங்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுத்திருப்பேன்! அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. தாளை மறந்துவிட்டு, பிள்ளைகளை வாசலில் நிறுத்தினேன்.

லோரி வந்தது. ஆனால் ஏற ஆள் இல்லை.

மழையால் கொழுந்து பறிக்காமல் திரும்பிய தாய்மார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தது. காப்பு கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. வழக்கமாக வேண்டுதல் உள்ளவர்கள் மட்டும்தான் கட்டுவார்கள். அந்த வருடம் நான் ஒரு மகா யோசனை செய்திருந்தேன். கோலாட்டப் பயிற்சிக்கு ஒழுங்காக வரட்டும், சனிக்கிழமை இரவுச் சந்தை, பாசார் மாலாம் என்று ஓடாமல் இருக்கட்டும் என்று, பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் காப்பு கட்ட வைத்தேன். முப்பத்தெட்டு மஞ்சள் கயிறுகள். பூசாரியின் பக்கத்தில் நின்று, பெருமையாக எண்ணிப் பார்த்ததும் நான்தான்.

"ஏறுங்கம்மா, நேரமில்லை" என்று கத்தினேன். முன்னால் நின்றவர் சரசு. கொழுந்து பறிப்பவர், வருஷா வருஷம் கரகம் எடுப்பவர். மகள் இரண்டாம் ஆண்டில் படித்தாள்.

"நீங்கதான கட்டிவுட்டீங்க டீச்சர். இப்ப எல்லைய தாண்டச் சொல்றீங்களா?"

"உசிரு முக்கியமா, காப்பு முக்கியமா சரசு?"

"எங்க வீட்டுக்காரரு காப்போடதான் மோட்டார் சைக்கிள்ல தாப்பா டவுனுக்குப் போனாரு. திரும்பி வந்தாரா? எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்லா டீச்சர்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டவைத்தவளே நான் என்பதால் அன்று அதுவும் வரவில்லை.

வகுப்பறைக்குள் போய்க் கரும்பலகை முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். "அம்மா, எல்லாம் என் தப்பு. என்னை என்ன வேண்டுமானாலும் செய். இந்த மழையை மட்டும் நிறுத்து, தாயே." மழை இன்னும் வலுத்தது. தகரக் கூரையில் அடித்த அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மனிடம் சண்டையே போட்டேன். உன் பிள்ளைகள்தானே, உனக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டேன்.

திரும்பினால் சரசு வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியாது. இந்த முறை மெதுவாகப் பேசினார்.

"டீச்சர், நாமளா தாண்டுனாத்தான் குத்தம். ஆத்தா கூட வந்தா, அவ இருக்கிற எடம்தான் எல்லை. நான் கரகத்த எடுத்துட்டு வரவா?"

"ஓடு சரசு" என்றேன்.

கோயில் லயத்துக்கு அந்தப் பக்கம்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிய சரசு, தலையில் கரகத்தோடு சேற்றில் நடந்துவந்தார். வேப்பிலையிலிருந்து மழைநீர் அவர் முகத்தில் வழிந்தது. லோரிக்காரர் கோபீஸ், அதாவது முட்டைக்கோஸ், கூடைகளை இறக்கிப் போட்டு, முதலில் அவரை ஏற்றினார். அதன்பின் யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஏறினார்கள். கைக்குழந்தைக்காரிகள் ஏறினார்கள். மற்றவர்கள் குலவை போட்டுக்கொண்டே பின்னால் நடந்தார்கள். யாரோ ஒருத்தி கோலாட்டப் பாட்டைத் தொடங்க, பிள்ளைகள் ரிங்லெட் வரை பாடிக்கொண்டே வந்தார்கள்.

நாங்கள் ரிங்லெட் மண்டபத்தில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது கிராணி போன் செய்தார். இரண்டு வகுப்பறைகளையும் திடலையும் மண் மூடிவிட்டதாம். லயத்துக் கடைசி வீடுகளும் போய்விட்டனவாம். யாருக்கும் ஒன்றுமில்லை. நான் நோட்டைத் திறந்து பெயர்களை வாசித்தேன். முப்பத்தெட்டு "உள்ளேன் டீச்சர்". சரசுவின் மகள் மட்டும் இரண்டு முறை சொன்னாள். தன் கையைப் பிடித்து அழுத என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க டீச்சர்" என்று சரசுவே தேற்றினார்.

இப்போது பென்ஷன் வாங்கி ஈப்போவில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் ரிங்லெட்டில் புதுக் கட்டடமாக நிற்கிறது. பழைய இடத்தில் தேயிலை வைத்துவிட்டார்கள். சில காலைகளில் கொழுந்து வறுபடும் வாசனை வருவதுபோல் இருக்கும். வகுப்பு வாசலில் கழற்றிப் போட்ட சேற்றுச் செருப்புகள், மூடுபனியில் முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும் "வணக்கம் டீச்சர்". அந்த நாட்களுக்காக மனசு ஏங்கும். அங்கிருந்த அந்த அதட்டல்காரி மட்டும் திரும்ப வேண்டாம். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு, எதிர்த்துப் பேசும் யாரையும் முழுதாகக் கேட்காமல் நான் அதட்டியதில்லை.

நான் கேட்டது மழை நிற்க வேண்டும் என்று. அம்மன் அதைத் தரவில்லை. எனக்குக் கேட்கவே தெரியாத ஒன்றைத் தந்தாள், அதையும் என்னோடு மல்லுக்கு நின்றவர் வாயால் தந்தாள். அன்பானவர்களே, வழி தெரியாத நேரத்தில் நீங்களும் அவளிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, எதிரே நிற்பவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று கொஞ்சம் காது கொடுங்கள். அன்று சரசுவைப் பேசவிடாமல் நான் இன்னொரு முறை கத்தியிருந்தால், அந்த மண்டபத்தில் நான் வாசித்த பெயர்களுக்குப் பதில் வந்திருக்காது.