தண்டு எவ்வளவு இறங்கியது

உட்கார்ந்து எழுந்ததும் வைக்கிற முதல் எட்டில் மட்டும் தொடையின் நடுவே வலித்தது. நடக்கத் தொடங்கினால் போய்விடும். செயற்கை இடுப்பு மூட்டு வைத்திருப்பவர்கள் இந்த வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. என் முதல் மூட்டு தளர்ந்தபோதும் இப்படித்தான் வலித்தது.

லூபஸ் நோய்க்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டால் இருபதுகளிலேயே இடுப்பு எலும்பு செத்துப்போனது. அங்கே வைத்த மூட்டும் தளரவே, ரிவிஷன் (பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் அறுவை) செய்தார்கள். தொடையெலும்புக்குள் நீண்ட உலோகத் தண்டு. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மூன்றாவது அறுவை.

சுரங்க ரயிலுக்குத் தோண்டும்போது பக்கத்துக் கட்டடங்கள் எவ்வளவு அமிழ்கின்றன என்று அளப்பது என் வேலை. ஆகவே இந்த வலிக்காக எடுத்த புதிய எக்ஸ்ரேயை, அறுவைக்கு மறுநாள் எடுத்ததன் பக்கத்தில் வைத்துத் திரையில் நானே அளந்தேன். ஐந்து மில்லிமீட்டர் சப்சிடென்ஸ் (தண்டு எலும்புக்குள் கீழிறங்குவது).

அன்றிலிருந்து அந்தக் காலை ஊன்றவில்லை. சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"பாத்துக்கிட்டே இருந்தா ஒட்டிக்குமா? டாக்டர்கிட்ட கேளு லா," என்றார் அம்மா.

மருத்துவர் இரண்டு படங்களையும் பார்த்தார். ஒன்று படுத்தபடி எடுத்தது, மற்றது நின்றபடி. உருவம் பெரிதாகும் அளவே வேறு. மூட்டுப் பந்தின் உண்மையான விட்டத்தை வைத்து இரண்டையும் சரிசெய்த பிறகுதான் அளக்க வேண்டும் என்றார். பணியிடத்தில் யாராவது இப்படி அளந்து வந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவர் அளந்தபோது இரண்டு மில்லிமீட்டர் வந்தது.

"அப்ப இறங்கியிருக்கு," என்றேன்.

"ஊன்ற ஆரம்பிச்சதும் கொஞ்சம் இறங்கும்மா. உங்க கட்டடமெல்லாம் இறங்காதா?"

"இறங்கும். ஆனா நின்னுடணும்."

"இதுவும் நின்னுடணும். நின்னுச்சான்னு அடுத்த எக்ஸ்ரேலதான் தெரியும். அதுவரைக்கும் நடங்க. ஊன்றாம வச்சிருந்தா தசையும் எலும்பும் வீக்காயிடும்."

நடந்தேன். ஃபேரர் பார்க்கின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வோர் எட்டும் தண்டை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுவதாகவே தோன்றியது. ஆனால் ஊன்றினேன். தொடை வலி எப்போது விட்டது என்று கவனிக்கவில்லை.

அடுத்த படத்திலும் அதே இரண்டுதான். இனி ஆண்டுக்கொரு முறை வந்தால் போதும் என்றார் மருத்துவர். ஒரு வருடம் முழுவதும் அளக்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. தண்டு அசைந்தால் உடம்பு வலித்துச் சொல்கிறது. அசையாமல் இருப்பதை அது சொல்வதே இல்லை.

நேற்று பேருந்து கிளம்பப் பார்த்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது.