பின்வாங்கிய மேடு

பழைய போர்க்களத்துக்கு வேனில் பத்துப் பேரை அழைத்துப்போய், மைக்கில் விளக்கிச் சுற்றிக்காட்டுவது 'மைக் அக்கா'வின் வேலை. பதுங்குகுழிகளைக் காட்டிவிட்டு, கடைசியாக ஒரு மேட்டில் நிற்பாள். "இங்கிருந்துதான் தளபதி ஜீப்புல ஏறி ஓடினார்" என்பாள். அங்குள்ள பலகையில் 'பின்வாங்கினார்' என்றுதான் இருக்கும்.

"பலகையில இருக்கறதைச் சொல்லித் தொலையேன்மா" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அந்தத் தளபதியின் படையில் சிப்பாயாக இருந்து, காலில் குண்டடிபட்டுக் கிடந்த அவள் அண்ணனை, ஜீப்பில் இடமில்லை என்று இந்த மேட்டில்தான் விட்டுப்போனார்கள். தளபதியின் மெத்தைக்கு மட்டும் இடம் இருந்ததாம். ஜீப்பை ஓட்டிய டிரைவரே பிறகு வீடு தேடி வந்து சொல்லி அழுதான்.

நேற்றைய கூட்டத்தில் பேரப்பிள்ளைகளோடு ஒரு கிழவர் வந்திருந்தார். 'ஓடினார்' என்றதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கைத்தடியால் பலகையைத் தட்டினார்.

"ஓடலைம்மா, பின்வாங்கினோம்! அந்தத் தளபதியே நான்தான்."

இந்த முகத்துக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாள்! மைக்கை அணைக்காமலே அண்ணன் கதையையும் மெத்தைக் கதையையும் சொல்லி முடித்தாள். பேரப்பிள்ளைகள் தாத்தாவையே பார்த்தார்கள். அவருடைய கைத்தடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேன் கதவருகே எல்லோரும் நெருக்கியடித்தார்கள். அவள் மைக்கில் வெகு பணிவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் வழி விடுங்க. ஐயா முதல்ல ஏறட்டும். அவருக்குப் பழக்கம்தான்."