சலாலா முற்றத்தில் புளிச்சக்கீரை

சவுதியில், ஜுபைலில் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த காலம் முழுவதும் நான் ஒரு செடிகூட வளர்த்ததில்லை. இடமில்லை என்பது மட்டுமல்ல, அங்கே செடி வளர்க்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். நான்கு பக்கமும் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். அங்கிருந்து ஓமானில் சலாலாவுக்கு, ஒரு ஹோட்டலில் ஏசி மெக்கானிக்காக வேலை மாறி வந்தேன். வந்த வருடமே கரீஃப் என்றால் என்னவென்று பார்த்தேன்.

கரீஃப் என்பது அங்கே மழைக்காலத்தின் பெயர். வளைகுடாவின் மற்ற ஊர்களெல்லாம் கொதிக்கிற மாதங்களில் சலாலாவில் மட்டும் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து மலையை மூடிக்கொள்ளும். பெரிய மழை கிடையாது. நாளெல்லாம் தூறல்தான், சட்டை காயவே காயாது. முதல் தூறல் விழுந்த காலையில் நான் முற்றத்தில் பனியனோடு நின்றேன். உடம்பு சிலிர்த்தது. வளைகுடாவில் வெளியே நின்று குளிரில் சிலிர்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. உள்ளே ஓடிப்போய் பெட்டியின் அடியில் கிடந்த விதை முடிச்சைத் தேடி எடுத்தேன்.

என் மனைவி சேலத்துச் சந்தையில் வாங்கி, என் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பியது அது. “எல்லாக் கீரையும் கலந்து குடுங்கன்னு கேட்டு வாங்கினேங்க. அங்க மொளச்சா மொளைக்கட்டும்” என்று சொல்லியிருந்தாள்.

எங்கள் வீடு பழைய ஒற்றைத் தளவீடு. ஹோட்டல் நிர்வாகம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. அதில் நானும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் இருந்தோம். அவர் அதே ஹோட்டலில் ஸ்டோர் பார்ப்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். எதையும் யோசித்து யோசித்துச் செய்கிற ஆள். கடைக்குப் போகும்போதுகூட ரெசிடென்ஸ் கார்டு பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார்.

முற்றத்தில் இடுப்பு உயரச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டினேன். விதையைத் தூவிய சில நாட்களிலேயே முளை கிளம்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டூட்டிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து பூட்ஸைக் கழற்றும் முன் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. தொல்லையெல்லாம் நத்தைகளால்தான். ஈரம் கண்டதும் எங்கிருந்தோ வந்து, இரவோடு இரவாக அரைக்கீரை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டன. மிச்சம் இருந்த நாற்றுகளைக் காப்பாற்றத் தண்ணீர் பாட்டில்களை வெட்டி வளையம் வளையமாக மண்ணில் செருகினேன்.

அப்படித் தப்பியவை ஒரே ஜாதிச் செடிகள்தான். தண்டு லேசாகச் சிவந்து, சொரசொரவென்று இருந்தது. இலை வட்டமாக இருந்தது. புளிச்சக்கீரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் அதைக் கட்டாக வாங்கித் தின்றிருக்கிறேனே தவிர, செடியாகப் பார்த்தவனில்லை.

ஈரக் காற்றில் அடி இலைகளில் வெள்ளையாகப் பூசணம் பூக்க ஆரம்பித்தது. காற்று ஓடாத இடத்தில் பூசணம் பிடிப்பது என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான். ஹோட்டல் அறைகளில் அதைத் துடைப்பதுதான் கரீஃப் முழுவதும் எங்களுக்கு வேலை. அதனால் நெருக்கமாக நின்ற செடிகளில் ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கினேன். அடி இலைகளைக் கிள்ளி எறிந்தேன். நடுவே காற்றுப் புகுந்ததும் மீதிச் செடிகள் சடசடவென்று எழும்பின. சுவரைத் தாண்டித் தலை நீட்டின. ஹோட்டலில் கிச்சன்காரர்கள், லாண்டரிக்காரர்கள் எல்லோரிடமும் செடியின் உயரத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்துக்காரர் தேநீர்க் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தவர், செடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணை, உந்த இலையள் முந்தி உப்பிடி இல்லையெல்லே?”

அப்போதுதான் நானும் நின்று பார்த்தேன். கீழே வட்டமாக இருந்த இலை, மேலே போகப் போகப் பிளந்திருந்தது. உச்சியில் ஐந்தும் ஏழுமாக விரல் விரித்தது போல, ஒவ்வொரு விரலும் மெலிந்து நீண்டு, ஓரமெல்லாம் ரம்பப் பல். அந்த இலைப் படத்தை உலகத்தில் எல்லோரும் டீ-ஷர்ட்டில் பார்த்திருப்பார்கள்.

“இது புளிச்சக்கீரைங்க” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

“நான் யாழ்ப்பாணத்தில கோர்ட்டில வேலை செய்தனான் அண்ணை. கடற்கரையில பிடிச்ச சாமானைக் கட்டுக் கட்டாக் கொண்டந்து போடுவினம்.”

“செடியாப் பாத்திருக்கீங்களா?”

“செடியா இல்லை. காஞ்சதுதான் கண்டனான். ஆனா உது அதுதான் எண்டு ஆரும் சொன்னா நாங்கள் என்ன சொல்லுறது?”

இந்த ஊர்களில் அந்த வழக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று வளைகுடாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். போனில் தேடிப் பார்க்கலாமென்று எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உந்தப் பேரை ஃபோனில அடிக்காதையுங்கோ. நாளைக்கு ஃபோனைப் பாத்தா என்னத்துக்குத் தேடினனீங்கள் எண்டு கேப்பாங்கள்.”

அதுவும் சரிதான். செடியை நட்டவனால் அது என்ன செடி என்று யாரிடமும் கேட்க முடியாது, தேடிப் பார்க்கவும் முடியாது. மனைவிக்கு வீடியோ கால் போட்டுச் செடியைக் காட்டினேன். பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புளிச்சக்கீரைதாங்க. ஏன் மூஞ்சி அப்படிப் போவுது? கஞ்சாச் செடியா மொளைச்சிருக்கு அங்க?”

முற்றமெல்லாம் கேட்கிற குரல் அவளுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நான் போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, “அந்தப் பேரச் சொல்லாதம்மா” என்றேன். “சரி, சொல்லல. நிச்சயமாத் தெரியணும்னா ஒரு இலையக் கடிச்சுப் பாருங்க. புளிக்கும்” என்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து, “கடியாதையுங்கோ” என்று சத்தம் வந்தது. வேறு ஏதோவாக இருந்து, வேலையிடத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனாலும் ஒரு விரல் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். நாக்கு சுருட்டிக்கொண்டது. அப்படி ஒரு புளிப்பு. நான் நடு முற்றத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

“புளிக்குதுங்க. வந்து தின்னு பாருங்க.”

“அதுவும் புளிக்குமோ என்னவோ, ஆருக்குத் தெரியும்” என்றார் அவர், ஜன்னல் வழியாக.

கரீஃப் வந்துவிட்டால் துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் கார் காராக ஆட்கள் வந்து சலாலாவில் இறங்குவார்கள். அவர்களுக்குப் பச்சையாக எது இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நான் ஷிப்ட் முடிந்து வரும்போது எங்கள் சுவரோரம் ஒரு வண்டி நின்றது. மூன்று பையன்கள் என் செடியோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகை இழுப்பது போலக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் படம் எத்தனை பேர் போனுக்குப் போனதோ தெரியாது. மறுநாள் மதியம் வீட்டு உரிமையாளரின் வண்டி வந்து நின்றது. நாங்கள் அவரை அர்பாப் என்போம். அமைதியான மனிதர்தான், ஆனால் அன்று வண்டியை நிறுத்திய விதமே வேறாக இருந்தது. நேராகச் செடியிடம் போனார்.

“பாய், ஏ க்யா ஹை?”

“கீரை, அர்பாப். சாப்பிடுவது” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் தன் போனை நீட்டினார். அந்தப் பையன்களின் படம். கீழே யாரோ அரபியில் ஏதோ எழுதி, சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வீடு அவர் பெயரில் இருக்கிறது, போலீஸ் வந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள், இப்போதே பிடுங்கு என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் என் பின்னால் நின்று, “பிடுங்குவம் அண்ணை, கலாஸ். உதோட முடியட்டும்” என்றார் மெதுவாக.

எனக்கு ஏனோ விட மனசில்லை. பேசிப் புரியவைக்கும் அளவுக்கு எனக்கு அரபியும் கிடையாது, இந்தியும் கிடையாது. கையெட்டிய இலைகளைக் கொத்தாகப் பறித்து வாயில் திணித்தேன். மென்றேன். புளிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கொத்துப் பறித்து அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

அப்போது வண்டியின் கண்ணாடி இறங்கியது. உள்ளே அவர் மனைவி இருந்தார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அரபியில் ஏதோ கேட்டார். பிறகு இறங்கி வந்து என் கையிலிருந்த இலையில் ஒரு நுனியைக் கிள்ளி வாயில் வைத்தார். முகம் சுளித்தது, உடனே மலர்ந்தது.

“கர்க்கதே” என்றார்.

கர்க்கதே என்றால் அங்கே சிவப்பாகப் போட்டுக் குடிக்கிற ஒரு டீ. செம்பருத்தி இனத்துப் பூவில் செய்வது. எங்கள் ஹோட்டலிலேயே விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்கள். இது கர்க்கதேயின் சொந்தக்காரச் செடியாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மா கணவரிடம் வாதாடுவது அரபி தெரியாத எனக்கே புரிந்தது. அவர் படத்தைக் காட்டினார். அந்த அம்மா இலையைக் காட்டினார். கடைசியில் அவர் என்னிடம் திரும்பி ஒரு முடிவு சொன்னார். பூ வரட்டும், பூவைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் ரோட்டிலிருந்து ஒருத்தர் கண்ணிலும் இது படக்கூடாது.

அன்றே சுவரின் இரண்டு முனையிலும் கம்பு நட்டு, மேலே கம்பி கட்டி எங்கள் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டோம். தூறலில் அவை காயவே இல்லை. ஊரே கரீஃபைப் பார்க்க வந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் நாள் முழுவதும் ஈர விரிப்பு தொங்கியது. எனக்குச் செடியைப் பார்க்கும் பரபரப்பு இரண்டு மடங்காகிவிட்டது. மொட்டு வந்ததா, வந்தால் எப்படி இருக்கிறது, இலைக் கணுவில் தெரிகிற பச்சை முனை மொட்டா, புது இலையா. போலீஸ் வண்டியின் விளக்கைத் தெருக்கோடியில் பார்த்தாலே யாழ்ப்பாணத்துக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். இத்தனைக்கும் செடியைச் சுற்றி நத்தை பொறுக்குவதும் அவர்தான்.

மேகம் மெலிந்து வெயில் எட்டிப் பார்க்க ஆரம்பித்த நாட்களில் மொட்டு தெரிந்தது. அதன் பிறகு ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வெறுங்காலோடு ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை.

“அண்ணை, வாங்கோ, வாங்கோ. பூத்திருக்கு.”

வெளிர் மஞ்சளில் ஐந்து இதழ். நடுவில் அடர்ந்த கருஞ்சிவப்பு. பார்த்த எவரும் செம்பருத்திக் குடும்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். கையகலத்துக்கு விரிந்து, விரிப்பின் மறைவில் தூறல் துளியோடு நின்றது. நான் வாயில் நுரையோடு அர்பாபுக்குப் படம் அனுப்பினேன். சிறிது நேரத்தில் வண்டி வந்தது. அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள். அந்த அம்மா பூவைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அர்பாப் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். “மாஃபி முஷ்கில்”, பிரச்சினை இல்லை என்று சொல்லி, அவரே கையை நீட்டிக் கம்பியிலிருந்து விரிப்பை இழுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசல் செய்தோம். கீரையைப் பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டோடு வேகவைத்தேன். மத்து இல்லை. டம்ளரின் அடிப்பாகத்தால் மசித்தேன். நல்லெண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டியபோது எழுந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு மலையாளி ஒருவர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். அர்பாப் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். இன்னும் காரம் வேண்டுமாம், அந்த அம்மா செய்தி அனுப்பினார்.

யாழ்ப்பாணத்துக்காரர் முதல் வாயைத் தயங்கித் தயங்கித்தான் வைத்தார். பிறகு சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு சட்டியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“நல்ல ருசியா இருக்கு அண்ணை. உங்கட மனுசியிட்டச் சொல்லுங்கோ.”

போனைப் போட்டுக் கொடுத்தேன், அவரே சொல்லட்டும் என்று. அவள் அந்தப் பக்கம் எடுத்ததும் முதல் வார்த்தையாக, “என்னங்க, அந்தக் கஞ்சாத் தோட்டம் எப்படி இருக்குது?” என்றாள். அவர் பதறிப்போய் போனைத் தட்டுக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.