அம்மா கழுவிய பட்டாள அறை

அம்மாவை அந்தக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

“ஆமிக் காம்புக்கோ? ஆமிக்குப் பயந்துதானே நாங்கள் இஞ்சை வந்தனாங்கள். நீ என்னடாவெண்டா ஆமிக்காரன்ர வீட்டைத் திருத்திக் குடுக்கிறாய்” என்றார், மெல்பேர்ன் ஓரத்தில் எங்கள் கிரான்பர்ன் வீட்டுக் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்தபடி.

“அங்கை இப்ப ஆமி இல்லையம்மா. போய்க் கனகாலம்.”

“பிறகேன் வீடு?”

நல்ல கேள்விதான். கடல்வழியாக எதிரி வந்துவிடுவான் என்று மெல்பேர்ன் வளைகுடாவின் வாசலில் ஒரு காலத்தில் கட்டிய காவல் கோட்டை அது. எதிரி வரவே இல்லை. பீரங்கியைத் துடைத்து, சீட்டாடி, மழையைத் திட்டிக்கொண்டு பட்டாளத்துப் பையன்கள் காத்திருந்ததுதான் மிச்சம். அவர்கள் படுத்துறங்கிய நீளக் கட்டடத்தைக் காப்பாற்றும் வேலையில் நான் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் படித்து முடித்த முதல் ஆள் நான். படிக்கிற வயதெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போருக்குத் தப்பி ஊர் ஊராக இடம்பெயர்வதிலேயே போய்விட்டது. மகன் என்ஜினியர் என்றால் பாலம் கட்டுவான், மாடி கட்டுவான் என்று நினைத்திருந்தார்கள். நான் போய்ப் பழஞ்சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அந்தச் சுவர்தான் தலையிடி. கடைசி அறையில் மட்டும் எப்போதும் ஈரம். சுண்ணாம்புப் பூச்சு உப்பி உப்பி உதிர்ந்தது. கூரை ஓடுகளை மாற்றினோம், மழைத் தண்ணீர் இறங்கும் பீலியை மாற்றினோம், ஈரம் போகவில்லை. குளிர்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் அந்த அறையை இடித்துவிட்டு மற்றவற்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

அந்த அறைச் சுவரில், கட்டில் தலைமாடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், எவனோ ஒரு பையன் கத்தியால் சின்னதாக ஒரு பாய்க்கப்பல் கீறியிருந்தான். வீட்டுக்குப் போகிற கப்பலாக இருக்கும். அதை இடிக்க விடக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

ஒரு சனிக்கிழமை துப்புரவு வேலைக்கு ஆட்கள் வேண்டுமென்றார்கள். அப்பா வரச் சம்மதித்தார். அவரைத் தனியே விட மனமில்லாமல் அம்மாவும் ஒரு பெட்டி கட்லெட்டோடு காரில் ஏறினார்.

வேலையை மேற்பார்க்கும் கல்தச்சர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நெடுநெடுவென்று இருப்பார், அதிகம் பேசமாட்டார். “மெஷினால் தண்ணீர் அடிக்க வேண்டாம், சோப்பும் வேண்டாம், மெதுவாகக் கூட்டினால் போதும்” என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினார். கூட்டுகிற தும்புத்தடியோடு கடைசி அறைக்குப் போனார்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் வீடு முழுக்கக் காப்பெட். வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றி அள்ளிக் கழுவ ஒரு நிலம் கிடையாது. இங்கேயோ கண்ணுக்கு எட்டிய மட்டும் கருங்கல் தளம். வாசலில் தண்ணீர்க் குழாய், பக்கத்திலேயே வாளி. மெஷினும் வேண்டாம் சோப்பும் வேண்டாம் என்றால், வெறும் தண்ணீருக்குத் தடையில்லை என்றுதானே அர்த்தம்?

சளார் என்று சத்தம் கேட்டு நான் ஓடினேன். அம்மா தன் நீளச் சட்டையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். ரெண்டாவது வாளி காலி.

வாசலில் நின்று அப்பா சொன்னார்: “இஞ்சாரும், ஆமிக்காரன் ஆரும் வந்தா அவனையும் சேர்த்துக் கழுவிப்போடாதையும்.”

“கதைக்காமல் அங்கால நில்லுங்கோ, சேறு மிதிக்காமல்.”

ஈரத்தால் சாகக் கிடக்கும் அறைக்குள் என் அம்மாவே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வேலை போச்சு என்று நினைத்தேன். கல்தச்சர் வந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் எங்கும் பரவாமல், யாரோ கூப்பிட்டது போல ஒரே மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சுவரடியில் ஒரு சீமெந்துப் பூச்சு. அதில் முட்டி நின்று, மெல்ல மெல்லச் சுவருக்குள் இறங்கியது.

கல்தச்சர் என் காதருகே ஏதோ சொன்னார்.

“என்னவாம்? ஏசுறாவோ?” என்றார் அம்மா.

“இல்லையம்மா. இன்னொரு வாளி ஊத்தட்டாம்.”

“அப்பிடிச் சொல்லு.”

சீமெந்தைக் கொத்தியபோது உள்ளே ஒரு துளை இருந்தது. அந்தக் காலத்துப் பட்டாளமும் வாளியால்தான் கழுவியிருக்கிறது, கழுவிய தண்ணீர் வெளியே போகவென்றே தளத்தைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு யாரோ துளையை அடைத்து, வெளியே சுவரோடு மண் கொட்டிப் பூப்பாத்தி வைத்திருக்கிறார்கள். பாத்தியைத் தோண்டினால் அடியில் ஒரு கல் வாய்க்கால், சேறு நிறைந்து, மழைத் தண்ணீரையெல்லாம் சுவருக்கே ஊட்டிக்கொண்டிருந்தது.

சேற்றை அள்ளி, துளையையும் வாய்க்காலையும் திறந்துவிட்டோம். கோடை முழுவதும் சுவர் காய்ந்தது. குளிர் தொடங்குமுன் நிர்வாகத்தினர் வந்து கையை வைத்துப் பார்த்தார்கள். இடிக்கிற பேச்சு அன்றோடு முடிந்தது.

சனங்களுக்குத் திறந்துவிடும் நாளில் எல்லாருக்கும் முன்னே நாங்கள் போய்விட்டோம். கல்தச்சர் குழாயடியில் நின்று, அம்மாவிடம் வாளியை நீட்டினார். அம்மா என்னைப் பார்த்தார்.

“நான் வெளியில நிக்கிறன், ஊத்துங்கோ” என்றேன்.

வாய்க்கால் ஓரம் குந்தியிருந்தேன். உள்ளே சளார் என்றது. அப்பா ஏதோ சொல்ல, அம்மா சிரிப்பது கேட்டது. பிறகு அந்தத் துளையிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது, ஒரு காய்ந்த யூக்கலிப்டஸ் இலையைத் தள்ளிக்கொண்டு, கடல் பக்கமாக ஓடியது.

“வந்திட்டுதம்மா” என்று உள்ளே குரல் கொடுத்தேன்.